விற்காத பாட்டுக்குப் போலீஸ் காவலா?

ரயில்வே குட்ஸ் ஷெட்டில் ஒரு விதி உண்டு. நம்மில் பலர் அங்கே மூட்டை தூக்கியவர்கள், எடை போட்டவர்கள், ரசீது எழுதியவர்கள். ஆகவே அதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. வேகனைக் குறித்த நேரத்துக்குள் காலி செய்யாவிட்டால் டெமரேஜ். இறக்கிய சரக்கை ஷெட்டிலேயே போட்டு வைத்தால் வார்ஃபேஜ். உரியவர் வரவே இல்லை என்றால் நோட்டீஸ் போகும். அதற்கும் பதில் இல்லை என்றால் சரக்கு ஏலத்துக்குப் போகும். சணல் ஆலை முதலாளியின் சரக்கானாலும் சரி, பெட்டிக்கடைக்காரரின் வெங்காய மூட்டையானாலும் சரி, விதி ஒன்றுதான். "பொருள் என்னுடையது, நானும் எடுக்க மாட்டேன், பிறரையும் எடுக்க விட மாட்டேன், அறுபது வருஷம் இங்கேயே கிடக்கட்டும்" என்று சொல்லும் உரிமை எந்தச் சரக்குக்காரருக்கும் கிடையாது.

ஒரே ஒரு சரக்குக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. அதுதான் பாட்டு.

ஒரு கம்பெனி நாற்பது, ஐம்பது வருஷங்களுக்கு முன்னால் ஒரு பாட்டைத் தட்டில் பதிந்து விற்றது. பிறகு அச்சடிப்பதை நிறுத்திவிட்டது. கேசட்டாகவும் போடவில்லை, சி.டி.யாகவும் போடவில்லை, இன்டர்நெட்டிலும் ஏற்றவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினாலும் அது கிடைக்காது. எங்கோ ஒரு ரசிகர் வீட்டுப் பரணில் அந்தத் தட்டு உடையாமல் இருக்கிறது. அவர் அதைத் துடைத்து, பழைய பெட்டியில் சுழல விட்டு, இரைச்சலைக் குறைத்து, தம்மைப்போன்ற பத்துப் பேர் கேட்கட்டும் என்று காசு வாங்காமல் இன்டர்நெட்டில் போடுகிறார். உடனே வருகிறது புகார். பாட்டு நீக்கப்படுகிறது. யூடியூபில் இத்தகைய புகார் மூன்று சேர்ந்தால் கணக்கே மூடப்படும். அவர் பல ஆண்டுகள் சேர்த்துப் போட்ட அத்தனையும் போய்விடும்.

இப்படிச் செய்யும் கம்பெனி அந்தப் பாட்டை நாளை கடைக்குக் கொண்டுவரப் போகிறதா? அதுவும் இல்லை. வைக்கோற்போர் நாயின் கதைதான். தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது.

நாம் கேட்பது ஒரே கேள்வி. விற்கிற பாட்டைத் திருடுவதும், கைவிடப்பட்ட பாட்டைக் காப்பாற்றுவதும் ஒரே குற்றமா?

கல்கத்தாவில் பிறந்த தட்டு

இந்தக் கேள்வியைக் கேட்க மற்ற எந்த ஊர்த் தமிழரையும்விடக் கல்கத்தாத் தமிழருக்கு அதிக நியாயம் உண்டு. இந்தியாவின் இசைத்தட்டுத் தொழில் பிறந்ததே இந்த ஊரில்தான். 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற கிராமபோன் கம்பெனிக்காரர் லண்டனிலிருந்து இங்கே வந்து இறங்கி, கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிந்தார். 1908-ல் சியால்டா பகுதியில் தட்டு அடிக்கும் தொழிற்சாலை வந்தது. 1920-களின் கடைசியில் அது டம்டம்முக்கு மாறியது. சென்னையில் பதிவான தமிழ்ப் பாட்டும் இங்கே டம்டம்மில்தான் தட்டாகி, ஹவுராவில் ரயிலேறித் தெற்கே போயிற்று. நம் பாட்டனார்கள் 'நாய் மார்க் தட்டு' என்று சொன்னது இந்த ஊர்ச் சரக்கைத்தான். தமிழ் சினிமாவும் ஒரு காலத்தில் இங்கே வந்து படமெடுத்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'அம்பிகாபதி' 1937-ல் கல்கத்தா ஈஸ்ட் இந்தியா ஸ்டூடியோவில் எடுக்கப்பட்ட படம்.

அந்தக் கம்பெனியின் பெயர் 2000-ல் சரிகம என்று மாறியது. இன்றும் அதன் பதிவு அலுவலகம் டம்டம் ஜெஸ்ஸோர் ரோட்டில்தான் இருக்கிறது. தன்னிடம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பாட்டுகள் இருப்பதாக அது சொல்கிறது. 2017-ல் 'காரவான்' என்ற பெட்டியை வெளியிட்டபோது அதில் ஐயாயிரம் பாட்டுகளை அடைத்து விற்றது. நல்ல வியாபாரம், முதியவர்கள் மகிழ்ந்தார்கள், அதில் நமக்குக் குறையில்லை. ஆனால் ஒரு கணக்கனாக என் கண்ணில் படுவது வேறு. விற்பனைக்கு ஏற்றது என்று கம்பெனி கருதும் பாட்டு வெளியே வருகிறது. விற்காது என்று அது கருதும் பாட்டு இருட்டிலேயே இருக்கிறது.

எவை இருட்டில் கிடக்கின்றன? சிவாஜி, எம்.ஜி.ஆர். படப் பாட்டுகள் அல்ல. அவை எங்கும் ஒலிக்கின்றன. ஸ்பெஷல் நாடகப் பாட்டுகள், காலட்சேபங்கள், வில்லுப்பாட்டு, தெம்மாங்கு, நகைச்சுவைத் தட்டுகள், கட்சி மேடைப் பாட்டுகள், தோல்வியடைந்த படங்களின் பாட்டுகள், சின்னக் கம்பெனிகள் நாலு கேசட் போட்டுவிட்டு மூடிவிட்டுப் போனபோது விட்டுப்போன பாட்டுகள் ஆகியவைதான். ஒரு வார்த்தையில் சொன்னால், ஏழை எளியவர்களின் பாட்டுகள். சு. தியடோர் பாஸ்கரன் 1981-ல் வெளியிட்ட ஆய்வு நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: விடுதலைப் போராட்டத்தில் தமிழ் நாடக மேடையும் கிராமபோன் தட்டும் ஆற்றிய பணி சாதாரணமானதல்ல. அந்தத் தட்டுகள் நம் வரலாற்றுச் சான்றுகள். சான்றைப் பூட்டி வைத்தால் வரலாறும் பூட்டப்படுகிறது.

யாருடைய உழைப்பு?

"உரிமை எங்களுடையது" என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். தட்டு எதனால் ஆனது? பழைய தட்டுக்கு மூலப்பொருள் அரக்கு. புருலியாவிலும் சோட்டாநாக்பூர் காடுகளிலும் ஆதிவாசி மக்கள் மரக்கிளைகளில் சுரண்டிச் சேர்த்தது. அதைக் காய்ச்சி அச்சில் அழுத்தியது டம்டம் தொழிலாளி. பாடியது பாடகர். வாசித்தது வாத்தியக்காரர். எழுதியது கவிஞர். இவர்களில் எத்தனை பேருக்கு அந்த 'உரிமை'யில் பங்கு கிடைத்தது?

சட்டத்தைப் பாருங்கள். 1977-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. கல்கத்தாவிலிருந்து போன வழக்குதான் அதுவும். ஒரு பக்கம் பாட்டு எழுதியவர்கள், இசையமைத்தவர்களின் சங்கம். மறுபக்கம் கிழக்கிந்தியப் படத் தயாரிப்பாளர்கள். படத்துக்காகக் கூலி பெற்று இசையமைத்தால் உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பாயிற்று. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்போடு தனிக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தார். பாடுகிறவருக்கு நம் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லையே, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டாமா என்று கேட்டார். நாடாளுமன்றம் கவனிக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1994-ல்தான் பாடகருக்கு உரிமை என்று ஒன்று சட்டத்தில் ஏறியது. 2012 திருத்தத்தில்தான் அவருக்கு ராயல்டி என்ற பேச்சே வந்தது.

ஆக, நாம் பேசுகிற பழைய தட்டுகளைப் பாடியவர்கள் ஒருமுறை கூலி வாங்கிக்கொண்டு போனவர்கள். அவர்களில் மிகப் பலர் மறைந்துவிட்டார்கள். ரசிகர் போட்ட பாட்டை நீக்கச் செய்வதால் பாடியவரின் பேரப்பிள்ளைக்கு ஒரு காசு போகிறதா? கம்பெனிக்கே போவதில்லை. விற்காத பாட்டில் வருமானம் ஏது?

காவல் வந்த கதை

கேசட் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஊருக்குப் போனால், பஸ் ஸ்டாண்டு அருகே ரெக்கார்டிங் சென்டரில் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்போம். வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். அதைத் துணிமணிக்கு நடுவே வைத்துக் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் கொண்டுவந்து இங்கே பத்து வீட்டில் போட்டுக் கேட்போம். அந்தக் கேசட்டுகளால் எந்தக் கம்பெனியும் திவாலாகிவிடவில்லை.

உண்மையான கள்ளச்சரக்கும் இருந்தது; அதை மறைப்பதற்கில்லை. நம் தோழர்கள் சுமை இறக்கிய கல்கத்தாத் துறைமுகத்திலேயே ஒரு வழக்கு முளைத்தது. சிங்கப்பூரிலிருந்து நேபாளத்துக்குப் போக வேண்டிய கேசட் சரக்கு இங்கே வந்து இறங்கியது. அது திருட்டுப் பதிவு என்று கிராமபோன் கம்பெனி தடுத்தது. 1984-ல் உச்ச நீதிமன்றம், நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், கம்பெனி பக்கமே நியாயம் என்றது. வழியில் இறங்கும் சரக்கானாலும் இந்திய மண்ணுக்குள் வந்தால் அது இறக்குமதிதான் என்று சொன்னது. பெட்டி பெட்டியாக விற்பனைக்கு அடித்த கள்ளக் கேசட் அது. அதைத் தடுத்ததில் தவறில்லை.

பிறகு இன்டர்நெட் வந்தது. காவலும் கூடியது. 2010-ல் பெங்களூரில் ஒரு தேடுபொறிக் கம்பெனியின் நிர்வாகிகளே, டி-சீரிஸ் கொடுத்த புகாரின் பேரில் கைதானார்கள். இதே டி-சீரிஸ் கேசட் காலத்தில் எப்படி வளர்ந்தது? பழைய பிரபலப் பாட்டுகளைப் புதுக் குரல்களில் பாட வைத்து, மலிவு விலையில் நாடெங்கும் விற்று வளர்ந்தது. சட்டத்தின் ஒரு பிரிவு அதற்கு இடம் கொடுத்தது. ஏணியில் ஏறியவர்கள் ஏறி முடித்ததும் ஏணியை இழுத்துக்கொண்டார்கள்.

2012-ல் நம் கல்கத்தா உயர் நீதிமன்றம், இசைக் கம்பெனிகள் கேட்டபடி 104 பாட்டுத் தளங்களை அடைக்கும்படி நாட்டின் இன்டர்நெட் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. விளம்பரக் காசுக்காகப் புதுப் படப் பாட்டை வாரி இறைத்த தளங்களுக்காக நான் கண்ணீர் விடவில்லை. ஆனால் ஒரு தளத்தை முழுதாக அடைத்தால், கடையில் கிடைக்கும் பாட்டோடு எங்குமே கிடைக்காத பாட்டும் சேர்ந்து அடைபடும். பயிரையும் களையையும் பிரித்துப் பார்க்காமல் வயலையே கொளுத்துவது என்ன விவசாயம்?

இன்று நீதிமன்றம் வரை போக வேண்டிய அவசியம்கூட இல்லை. இயந்திரமே காவல்காரன். அது ஒலியை ஒப்பிட்டுப் பார்த்துப் பிடித்துவிடும். உரிமைக் காலம் முடிந்ததா, பாட்டு விற்பனையில் உள்ளதா, போட்டவர் காசு வாங்கினாரா என்றெல்லாம் அது கேட்பதில்லை. கரக்பூரில் நம் உறுப்பினர் ஒருவர், ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தம் தந்தை விட்டுப்போன நாடகப் பாட்டுத் தட்டுகளை மகன் உதவியோடு இன்டர்நெட்டில் ஏற்றினார். ஒரு கம்பெனியின் பெயரில் புகார் வந்து அவை நீக்கப்பட்டன. "சரி ஐயா, இவற்றை நீங்களே வெளியிடுங்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கேட்டார். பதில் இல்லை. குட்ஸ் ஷெட்டில்கூட நோட்டீசுக்குப் பதில் வராவிட்டால் அடுத்த நடவடிக்கை உண்டு. இங்கே அது இல்லை.

புத்தகத்துக்கு ஒரு நீதி, பாட்டுக்கு ஒரு நீதி

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்தான் இன்றும் நடப்பில் உள்ளது. தட்டு வெளியான ஆண்டு முடிந்து அறுபது வருஷம் ஒலிப்பதிவு உரிமை நீடிக்கும். முன்பு ஐம்பதாக இருந்தது. ரவீந்திரநாத் தாகூர் 1941-ல் மறைந்தவர். அவர் நூல்களின் உரிமை 1991-ல் முடியவிருந்தபோது, விசுவபாரதிக்காகப் பத்து வருஷம் நீட்டினார்கள். அந்தத் திருத்தத்திலேயே தட்டுக் கம்பெனிகளுக்கும் பத்து வருஷம் கூடுதலாகக் கிடைத்தது. நெல்லுக்கு இறைத்த நீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் பொசிந்தது!

மீறினால் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். சப்-இன்ஸ்பெக்டர் வாரண்டு இல்லாமலே பொருளைக் கைப்பற்றலாம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதவருக்கு நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. குறைக்கலாம், அவ்வளவுதான். குற்றமில்லை என்று சொல்லவில்லை.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவைப் பாருங்கள். ஒரு புத்தகம் இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்கவில்லை என்றால், லாப நோக்கமில்லாத பொது நூலகம் அதற்கு மூன்று பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கையில் தட்டு இருந்தால், பாதுகாப்புக்காக அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கவும் 2012 திருத்தம் நூலகத்துக்கு இடம் தருகிறது. ஆனால் தட்டே இல்லாத நூலகம் இன்னொருவரிடமிருந்து பிரதி எடுத்து மக்களுக்குக் கேட்கக் கொடுக்கலாமா? புத்தகத்துக்குக் கிடைத்த அந்தச் சலுகை பாட்டுக்கு இல்லை. எழுத்தறிந்தவனின் பொருளுக்கு இரக்கம் காட்டிய சட்டம், காதால் கேட்டு வளர்ந்தவனின் பொருளை மறந்துவிட்டது.

மக்களிடமிருந்து மறைக்கப்பட்ட படைப்பை மறுபடி வெளியிட உரிமையாளர் மறுத்தால், அதற்குக் கட்டாய உரிமம் கேட்கலாம் என்றும் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. இருந்து என்ன? நீதிமன்றப் படியேறி, வக்கீல் வைத்து, வருஷக்கணக்கில் அலைய வேண்டும். பி.எஃப். பணத்துக்கே நடந்து தேய்ந்த நாம் ஒரு தாலாட்டுக்காக வழக்காடப் போகிறோமா?

காப்பாற்றியது யார்?

"எங்கள் கிடங்கில் பத்திரமாக இருக்கிறது" என்று கம்பெனிகள் சொல்லலாம். கிடங்கின் யோக்கியதையை உலகம் பார்த்துவிட்டது. 2008 ஜூனில் அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் தீப்பிடித்து மூல ஒலிநாடாக்கள் எரிந்தன. அந்த நஷ்டம் எவ்வளவு பெரிது என்ற கேள்வி 2019-ல் ஒரு பத்திரிகை எழுதியபிறகுதான் ஊருக்கே தெரிந்தது. நம் முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. சென்னையில் பழைய தட்டும் பழைய புத்தகமும் குவிந்து கிடந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. அந்த இடத்தில் இன்று நிற்பது நம் ரயில்வேயின் கட்டடம்.

ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழனுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறு பிரதி இல்லாதவை மீளவே இல்லை. அந்தக் காயத்திலிருந்து ஈழத்தமிழர் கற்ற பாடத்துக்கு ஒரு சாட்சி, 2005-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகம். அச்சில் இல்லாத நூல்களையும் பத்திரிகைகளையும் எழுதியவர்களின் அனுமதி பெற்று ஏற்றி, உலகம் முழுவதும் இலவசமாகப் படிக்க வைத்தார்கள். எரிக்க நினைத்தாலும் இனி ஒரு கட்டடத்தை எரித்து முடியாது.

பாட்டிலும் காப்பாற்றியவர்கள் ரசிகர்களே. ப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய தட்டுக் கடைகளில் குந்தி உட்கார்ந்து தேடியவர்கள், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு அலமாரி நிரப்பியவர்கள். பம்பாயில் இத்தகையவர்கள் கூடி 1990-ல் இந்தியத் தட்டு சேகரிப்போர் சங்கம் அமைத்தார்கள். சென்னைச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் 1930-களில் வெளிவந்த ஒடியன் தட்டுகள், இந்தியச் சேகரிப்பாளர்களின் பரணிலிருந்து எடுக்கப்பட்டு, பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு மின்பதிவாயின. நம் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் இந்துஸ்தானி சங்கீதத்துக்கு ஒரு மின்காப்பகம் அமைத்ததும் சேகரிப்பாளர்களின் பெட்டிகள் திறந்ததால்தான்.

லண்டனில் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் லைப்ரரியின் கம்ப்யூட்டர்களைக் கொள்ளையர் தாக்கியதில் அதன் இன்டர்நெட் சேவைகள் பல மாதங்கள் முடங்கின. பல வீட்டில் பல பிரதி இருப்பதே உண்மையான பாதுகாப்பு. அதைத்தான் இவர்கள் குற்றம் என்கிறார்கள்.

மறுதரப்பு நியாயம்

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். "இலவசம் என்று விட்டால் இன்றைய கலைஞன் எப்படிப் பிழைப்பான்?" நியாயமான கேள்வி. உழைப்புக்குக் கூலி கேட்கும் நாம் இசைக் கலைஞனின் கூலியை மறுக்க முடியாது. கடையில் உள்ள பாட்டைக் காசு கொடுத்தோ கம்பெனி அனுமதித்த வழியிலோதான் கேட்க வேண்டும். புதுப் படப் பாட்டைத் திருடி விற்பவன் நம் தோழன் அல்லன்.

இதே வாதம் அமெரிக்காவிலும் நடந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் 78 வேகத் தட்டுகளிலிருந்து நாலு லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளை மின்பதிவாக்கி இலவசமாகக் கேட்க வைத்தது. 2023 ஆகஸ்டில் யுனிவர்சல், சோனி முதலிய கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 2,749 பாட்டுகளைக் குறிப்பிட்டு, 41 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு வரக்கூடிய வழக்கு அது. 'இவை கடையில் கிடைக்கும் பாட்டுகள்' என்பது கம்பெனிகளின் வாதம். 2025 செப்டம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. நிபந்தனைகள் ரகசியம். கவனியுங்கள்: வழக்குத் தொடுத்தபோது கம்பெனிகள் பட்டியலிட்டது மூவாயிரத்துக்கும் குறைவு. பதிவானவை நாலு லட்சத்துக்கு மேல். அந்த மிச்சத்தில் யாரும் விற்காத தட்டுகள் எத்தனை ஆயிரம்!

நாம் கேட்பது புதுமையான சலுகையும் அல்ல. அதே அமெரிக்கா 2018-ல் ஒரு சட்டம் செய்தது. 1972-க்கு முந்திய ஒலிப்பதிவு ஒன்று விற்பனையில் இல்லை என்று தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அரசு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 90 நாளில் உரிமையாளர் மறுப்புச் சொல்லாவிட்டால் லாப நோக்கமின்றிப் பயன்படுத்தலாம். ஐரோப்பாவில் 2011-ல் வந்த விதி இன்னும் கண்டிப்பானது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு கம்பெனி தட்டைப் போதுமான அளவு விற்பனைக்கு வைக்காவிட்டால், கலைஞர் நோட்டீஸ் கொடுக்கலாம். ஒரு வருஷத்துக்குள் வெளியிடாவிட்டால் கம்பெனியின் உரிமையே போய்விடும். முதலாளித்துவ நாடுகளே பாட்டுக்கு டெமரேஜ் போடத் தொடங்கிவிட்டன!

பாரதியை விடுவித்தவர்கள் நாம்

தமிழருக்கு இதில் முன்னோடி அனுபவமும் உண்டு. பாரதி பாடல்களைத் தட்டில் பதியும் உரிமையும் ஒலிபரப்பும் உரிமையும் ஒரு காலத்தில் வியாபாரிகள் கையில் இருந்தன. பின்னர் அவை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தன. 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்திய டி. கே. எஸ். சகோதரர்களோடு தகராறு எழுந்தது. நாட்டுக்காகப் பாடியவனின் பாட்டு ஒரு கம்பெனியின் சொத்தா என்று தமிழ்நாடு கொதித்தது. எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் பொதுமக்களும் கிளர்ந்தார்கள். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதி நூல்களின் உரிமையைப் பெற்றது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைக் காசு வாங்காமல் விட்டுக் கொடுத்தார். 1950-களின் நடுவில் பாரதி மக்கள் சொத்தானார். அதனால் எந்தக் கலைஞனும் பட்டினி கிடக்கவில்லை. பாரதியின் பாட்டுத்தான் பட்டிதொட்டியெல்லாம் பரவியது.

ஏன் இதை நம் பத்திரிகையில் எழுதுகிறேன்? கார்டன் ரீச்சிலும் கிதிர்ப்பூரிலும் கரக்பூரிலும் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்து பலருக்குத் தெரியாது. ஆனால் தமிழ்ப் பாட்டு தெரியும். புலம்பெயர்ந்தவன் வீட்டில் மொழி முதலில் கண்ணை விட்டுப் போகும், கடைசியில்தான் காதை விட்டுப் போகும். அந்தக் கடைசிக் கதவைப் பூட்டும் சாவி ஒரு கம்பெனியின் கையில் இருக்கக் கூடாது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. விற்பனையில் இல்லாத பழைய ஒலிப்பதிவை, அறிவிப்புக் கொடுத்து, 90 நாள் காத்திருந்து, லாப நோக்கமின்றிப் பகிர்ந்துகொள்ள இந்தியச் சட்டம் இடம் தர வேண்டும். புத்தகத்துக்கு நூலகத்தில் உள்ள சலுகை ஒலிப்பதிவுக்கும் வேண்டும். தம்மிடம் எந்தெந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியலைக் கம்பெனிகள் வெளியிட வேண்டும். இவற்றை எழுதி நம் தொகுதி எம்.பி.க்களிடம் கொடுப்போம். தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கும் அனுப்புவோம்.

சட்டம் மாறும் வரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. 1964 கடைசிக்குள் வெளியான தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் அடுத்த ஓர் ஆண்டின் தட்டுகள் விடுதலையாகும். பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. எழுதியவரும் மெட்டமைத்தவரும் மறைந்து அறுபது ஆண்டு ஆக வேண்டும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-ல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2019-ல் காலம் முடிந்தது. பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தார். அவர் பாட்டுக்கு 2033 வரை பொறுக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு காரியம் செய்வோம்.

உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில் பழைய தட்டோ கேசட்டோ இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். தலைப்பு, பாடியவர், கம்பெனி, தட்டு எண், ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பட்டியல் போடுவோம். காலம் முடிந்ததை எல்லோருக்கும் கொடுப்போம். முடியாததைக் கெடாமல் காத்து வைத்து, கம்பெனிக்குக் கடிதம் எழுதி, வெளியிடச் சொல்லிக் கேட்போம். பதில் தராதவர்களின் பட்டியலையும் இந்தப் பத்திரிகையிலேயே அச்சிடுவோம்.

சரக்குக்கு உரியவர்களே, எடுத்துப் போங்கள். இல்லையேல் வழி விடுங்கள்!